பொருட்காட்சிசாலை ஒரு பாடம்

சென்னை நகரத்து மக்கள் ஒரு காலத்தில் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கி வந்தார்கள். வெறும் வேடிக்கைக்காகப் பிறந்த பெயர்கள் அல்ல இவை. 1851-ஆம் ஆண்டில் அந்தப் பொருட்காட்சிசாலை தோன்றியபோது அதற்கு இடந்தந்தது நுங்கம்பாக்கத்தில் இருந்த கோட்டைக் கல்லூரிக் கட்டடம். கல்லூரியில் இருந்தமையால் அது காலேஜ் ஆயிற்று. 1854-இல் எழும்பூருக்கு இடம் பெயர்ந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. முதற் பொறுப்பாளராகிய எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், மக்களைக் கவர்வதற்காக உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்திருந்தார். பின்னர் அவை வேறிடம் சென்றன. பாடம் செய்த உடல்களும் எலும்புக் கூடுகளும் எஞ்சிய இடம் செத்த காலேஜ்; மூச்சுவிடும் விலங்குகள் சென்ற இடம் உயிர்க் காலேஜ்.

அந்தப் பெயரில் ‘செத்த’ என்ற பகுதியை நாம் விட்டுவிடலாம். ‘காலேஜ்’ என்ற பகுதி உண்மையானது. பொருட்காட்சிசாலைகளையும் பண்பாட்டு மரபுச் செல்வங்களையும் பற்றிய கல்வி இன்று பல்கலைக்கழகங்களில் தனித்த பாடமாக விளங்குகிறது. நம் நாட்டில் பரோடாவிலுள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1952-ஆம் ஆண்டில் அருங்காட்சியகவியல் துறையைத் தொடங்கியது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1959-இல் தொடங்கியது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலை மாணவர் இதனைத் துணைப்பாடமாகவும் எடுத்துப் படிக்கின்றனர். வேதியியலோ, வரலாறோ, சட்டமோ முதன்மைப் பாடமாக இருக்க, அதனோடு ஐந்தாறு தாள்கள் அளவில் இதையும் பயில்வார்கள். ஆங்கிலத்தில் இத்தகைய துணைப்பாடத்தை ‘மைனர்’ என்பார்கள். நம் ஊரில் மைனர் என்றால் சில்க் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் அணிந்த வேறொருவர் நினைவுக்கு வருவார். ஆகையால் துணைப்பாடம் என்றே சொல்வோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட பாடத்திட்ட வரைவு, முதன்மைப் பாடத்தோடு இவ்வாறு ஒரு துணைப்பாடத்தைச் சேர்த்துப் படிப்பதற்கு இந்தியாவிலும் வழி செய்திருக்கிறது.

பொருட்காட்சிசாலைகளின் வரலாறு, பொருள்களைச் சேர்த்துப் பதிவு செய்யும் முறை, கெடாமல் காக்கும் முறை, காட்சிக்கு வைக்கும் முறை, சட்டமும் அறமும், பிறகு சிறிது காலம் ஏதேனும் ஒரு காட்சிசாலையில் நேரடிப் பயிற்சி: பெரும்பாலும் இவையே தாள்கள். பெயர்களைக் கேட்டால் உறக்கம் வரக்கூடும். அதிலும் பதிவு செய்யும் முறை என்பது குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் இந்தக் கல்விக்கு வேர் அதுதான் என்பது என் கருத்து. அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

தஞ்சை அரண்மனையில் 1951-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கலைக்கூடத்தில் ரிஷபவாகனர் திருமேனி ஒன்று இருக்கிறது. அருகில் காளை இல்லை. காளையின்மேல் சாய்ந்திருக்க வேண்டிய கை மட்டும் காற்றில் ஊன்றி நிற்கிறது. சடைமுடியைத் தலைப்பாகை போல் சுற்றிக் கட்டி, கால் மாற்றி ஒயிலாக நிற்கும் அந்த அழகைக் கண்டவர் மறக்கமாட்டார். இது திருவெண்காட்டு மண்ணிலிருந்து கிடைத்தது. திருவெண்காட்டுக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, 1011-ஆம் ஆண்டுக்கு உரியது, ரிஷபவாகனத் திருமேனியைக் குறிப்பிடுகிறது. அடுத்த ஆண்டுக்குரிய கல்வெட்டு அவருடைய தேவியைக் குறிப்பிடுகிறது. சிலை கிடைத்த ஊர் தெரிந்திருந்தது. அந்த ஊர்க் கல்வெட்டு படிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க முடிந்தது.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் மிகப் பலவற்றில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. ஆடையின் மடிப்பையும், அணிகலனின் வேலைப்பாட்டையும், உடலின் வளைவையும் கண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டே அறிஞர்கள் காலம் கணிக்கிறார்கள். ஒப்பிடுவதற்கு ஓர் உறுதியான அளவுகோல் வேண்டும் அல்லவா? திருவெண்காட்டுத் திருமேனி அத்தகைய அளவுகோல். இதே சிலையை மண்ணிலிருந்து எடுத்தவர் இரவோடிரவாக ஒரு வணிகரிடம் விற்றிருந்தால், அது எங்கோ ஒரு செல்வர் மாளிகையில் ‘தென்னிந்தியா, ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டு’ என்ற சீட்டோடு நின்றிருக்கும். அழகில் ஓர் அணுவும் குறைந்திராது. ஆனால் நமக்கு அது சொல்லக்கூடிய செய்தி ஏறக்குறைய முழுவதும் போயிருக்கும்.

கீழடியில் கிடைத்த கரித்துண்டின் கதையும் இத்தகையதே. கரித்துண்டு எந்த அடுப்பிலும் கிடைக்கும். அது எந்தக் குழியில், எந்த மண் அடுக்கில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்திருந்தார்கள். அதனாலேயே, ஆய்வுக்கூடம் அதன் காலத்தைக் கி.மு. 580 என்று கணித்தபோது, அந்த ஆண்டு கரித்துண்டுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாமல், அதே அடுக்கில் கிடைத்த பொருள்களைப் பற்றியும் பேசியது. அந்த முடிவு 2019-இல் வெளியாயிற்று. 2023-ஆம் ஆண்டில் அங்கேயே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு நீங்கள் செல்லும்போது பானைகளையும் மணிகளையும் மட்டும் பார்க்காதீர்கள். அகழாய்வுக் குழியின் சுவரில் மண் நிறம் மாறும் கோடுகளையும் பாருங்கள்.

பதிவு தவறினால் நேருவது என்ன என்பதற்கு அமராவதியைச் சொல்லவேண்டும். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்தப் பெரும் பௌத்தத் தூபத்தைக் காலின் மெக்கன்சி 1797-இல் கண்டார். அப்போதே அங்கிருந்த கற்கள் பெயர்த்து எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பளிங்கு போன்ற சுண்ணக்கல் ஆகையால் சில சிற்பங்கள் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகவும் போயின. 1845-இல் வால்ட்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பிய சிற்பங்கள் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று ஒரே தூபத்தின் கற்கள் சென்னையிலும் லண்டனிலும் வேறு சில இடங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. பிரிவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தக் கல் தூபத்தின் எந்தப் பக்கத்தில் எந்தக் கல்லை அடுத்து நின்றது என்பது பல கற்களுக்கு எழுதி வைக்கப்படவில்லை. தூபம் எப்படி இருந்திருக்கும் என்று அறிஞர்கள் இன்றளவும் வாதிட்டுக்கொண்டிருப்பதற்கு இது முக்கியமான காரணம். எடுத்தவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர், படித்தவர்கள், கலையை மதித்தவர்கள். எழுதி வைக்கவேண்டும் என்ற ஒழுக்கம் அப்போது ஒரு கல்வியாக வளரவில்லை, அவ்வளவே.

இனி, இந்தப் பாடம் ஏன் பிற பாடங்களோடு சேர்த்துப் படிப்பதற்கு ஏற்றது என்பதைப் பார்ப்போம். இதற்கு நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

1976-ஆம் ஆண்டில், திருவாரூரை அடுத்த பகுதியிலுள்ள பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலின் அருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்குச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு நடராசர் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து போனார். 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அவரை லண்டனில் விலைக்கு வாங்கியது. சீர்செய்வதற்காகப் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பியது. அங்கே இருந்தபோது லண்டன் போலீசார் சிலையைக் கைப்பற்றினார்கள். சிலை எங்களுடையது என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இந்திய அரசும், தமிழ்நாட்டு அரசும், கோயிலும், ஏன், அந்தக் கோயிலின் சிவலிங்கமுமே எதிர்த்து உரிமை கோரின.

லண்டனில் நிற்கும் நடராசர் பத்தூர் மண்ணில் புதைந்திருந்த நடராசர்தாமா? வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே சுழன்றது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநராகிய இரா. நாகசாமி, பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு நடராசரின் அமைப்பை ஒப்பிட்டுச் சாட்சியம் அளித்தார். உலோகத்தின் கலவை பற்றி உலோகவியலார் பேசினர். சிலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பற்றி மண்ணியல் அறிந்தவர்கள் பேசினர். கடைசியில் கறையானும் சாட்சிக் கூண்டேறியது! மண்ணுக்குள் கிடந்த சிலையின்மேல் கறையான் கட்டிச் சென்ற புற்றுத் தடங்களைப் பூச்சியியலார் ஆராய்ந்து கூறினார்கள். இடிந்து கிடக்கும் ஒரு கோயில், பூசையும் நின்றுபோன கோயில், ஓர் ஆளைப் போல வழக்காட முடியுமா என்பது சட்ட அறிஞர்களின் பங்கு. இங்கிலாந்தின் சட்டப்படி அத்தகைய ‘ஆள்’ இல்லை. எனினும் இந்தியச் சட்டம் கோயிலுக்கு அந்தத் தகுதியைத் தருகிறது. ஆகவே நாங்களும் ஏற்கிறோம் என்ற நிலைக்கு நீதிமன்றம் வந்தது. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. நடராசர் தாயகம் திரும்பினார்.

சிற்பக்கலை, உலோகவியல், மண்ணியல், பூச்சியியல், சட்டம் ஆகிய ஐந்து துறைகளும் ஒரு சிலையைச் சுற்றிக் கூடின. இவற்றுள் எதையாவது ஒன்றைத்தான் நீங்கள் கல்லூரியில் முதன்மைப் பாடமாகப் படிக்கிறீர்கள். அந்த அறிவை ஒரு பொருளின் வரலாற்றோடு இணைக்கும் பழக்கத்தைத் தருவதே துணைப்பாடத்தின் வேலை.

ஒரு நிழற்படத்தின் வலிமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு நின்றார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், களவு நடப்பதற்கு முன்பே அந்தத் திருமேனியைக் கோயிலில் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் அருகருகே வைத்தபோது மறுப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. 2014-இல் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. படம் எடுத்தவர் திருடனைப் பிடிப்பதற்காக எடுக்கவில்லை. ஊர், கோயில், திருமேனியின் பெயர் ஆகியவற்றை எழுதி, படத்தை அதற்குரிய இடத்தில் வைத்தார். நாட்டில் எத்தனையோ கோயில்களில் அவ்வாறு படம் எடுக்கப்படாத திருமேனிகள் இருக்கின்றன என்பதை நினைத்தால்தான் அந்த வேலையின் அருமை விளங்கும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றம். சுவடிகளுக்கு 75 ஆண்டு. வயலை உழும் உழவரிடம் முதற்செய்தியை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், பல பத்தூர்க் கதைகள் தொடங்காமலே முடிந்திருக்கும்.

வேதியியல் மாணவர்கள் பொறுமை இழந்திருப்பீர்கள். உங்களுக்கு உரிய பகுதி இதோ. எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் 1930-ஆம் ஆண்டில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதில் பணியேற்ற ச. பரமசிவன் எதிர்கொண்ட பகைக்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். செப்புத் திருமேனி பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடக்கும்போது, மண்ணிலுள்ள உப்பு உலோகத்துக்குள் ஊடுருவிச் செம்புடன் கூடிக் குளோரைடாக மாறி ஒளிந்துகொள்கிறது. சிலையை வெளியில் எடுத்ததும் காற்றும் ஈரமும் படுகின்றன. உள்ளே உறங்கிய குளோரைடு விழித்துக்கொண்டு, வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து வெளிவருகிறது. அப்போது பிறக்கும் அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. மேலும் குளோரைடு உண்டாகிறது. தடுக்காவிட்டால் ஆயிரம் ஆண்டு நின்ற திருமேனி கண்ணெதிரே குழிவிழுந்து உதிரும். சிலையைக் காரக் கரைசலில் எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தி, அந்த உப்பை வெளியேற்றும் முறையைப் பரமசிவன் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களின் சுண்ணப் பூச்சை ஆராய்ந்தவரும் அவரே.

இப்போது முறைகள் மாறியுள்ளன. மின்னாற்பகுப்பு, நோயோடு சேர்த்து நல்ல களிம்பையும் நீக்கிவிடக்கூடும் என்பதால் அதை எல்லாச் சிலைகளுக்கும் செய்வதில்லை. ஆம், களிம்பிலும் நல்லது உண்டு. அடர்ந்த பச்சையாக, இறுகி, வழவழப்பாக இருப்பது உலோகத்துக்குக் கவசம். வெளிர்பச்சையாக, தூளாக உதிர்வது நோய். 1960-களின் இறுதியிலிருந்து பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருள், செம்போடு பிணைந்து நோயை அடக்கப் பயன்படுகிறது. எல்லாவற்றையும்விட எளிய மருந்து, காட்சிப் பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதத்தை 100-க்கு 40-க்கும் கீழே நிறுத்துவதுதான். சென்னை போன்ற கடற்கரை நகரில் அது சொல்வதற்கே எளிது. வீட்டுப் பித்தளையைத் தேய்ப்பதுபோல் பழஞ்சிலையைப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பளபளப்பு வரும், கவசம் போய்விடும்.

காட்சிக்கு வைப்பது பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதை நூல்களில் படித்துக்கொள்ளலாம். நூல்கள் விடை தராத ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பொருட்காட்சிசாலையில் நிற்கும் நடராசர் முன்னிலையில் ஒரு மூதாட்டி கைகூப்புகிறார். அவருக்கு அது சேர்க்கை எண் இட்ட கலைப்பொருள் அன்று, தெய்வம். மீட்டுக் கொண்டுவரப்படும் திருமேனிகள் பல, பாதுகாப்புக் கருதித் திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள சிலைப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்படுகின்றன. எங்கள் சாமியை எங்களிடம் தாருங்கள் என்று ஊர்மக்கள் கேட்பது நியாயம். கதவு இற்றுப்போன கோயிலுக்கு அனுப்பினால் மீண்டும் களவுபோகும் என்று அதிகாரிகள் அஞ்சுவதும் நியாயம். ஊருக்கே திரும்ப வேண்டும் என்பதே என் சார்பு. ஆனால் பூட்டும், காவலும், நிழற்படமும், பதிவேடும் முன்னே போகவேண்டும். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். இந்தக் கேள்வியை வகுப்பறையில் வைத்து நாள் முழுவதும் வாதிடும் வாய்ப்பை இந்தப் பாடம் தருகிறது.

மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் தொழிலைச் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்துவருகிறார்கள். பொருளை மட்டுமன்றி அதைச் செய்யும் கைத்திறனையும் மரபுச் செல்வமாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் தனி உடன்படிக்கை ஒன்றை உருவாக்கியது. மாணவர்கள் காட்சிசாலைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை ஸ்தபதியின் பட்டறைக்கும் ஒதுக்கவேண்டும் என்பேன்.

இத்தனையும் கேட்டு, இதையே முதன்மைப் பாடமாகப் படித்தால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். படிக்கலாம், பட்டமேற்படிப்பில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் காப்பாட்சியர் பதவிகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றையே நம்பி எல்லோரும் வரமுடியாது. மேலும், வேதியியலை ஆழமாகக் கற்காதவர் வெண்கல நோய்க்கு மருந்திட முடியாது. சட்டத்தை ஆழமாகக் கற்காதவர் பத்தூர்க் கோயிலுக்காக வாதாட முடியாது. ஆகவே முதலில் ஒரு துறையில் காலூன்றுவதே நல்லது. ஐந்தாறு தாள்களைப் படித்துவிட்டுப் பழஞ்சிலையைச் சீர்செய்யக் கையில் தூரிகை எடுப்பதும் ஆபத்து. எப்போது தொடக்கூடாது, யாரை அழைக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டாலே துணைப்பாடம் தன் கடனைச் செய்ததாகும். வழக்கறிஞராகவோ, ஆசிரியராகவோ, வருவாய்த் துறை அலுவலராகவோ போகிறவர்களுக்கு இந்த அறிவு என்றேனும் ஒரு நாள் பயன்படும். புதையலைப் பற்றிய முதல் தகவல் வந்து சேருவது அலுவலரின் மேசைக்குத்தானே.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதற் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். பரண்மேல் கிடக்கும் பழைய பித்தளைப் பாத்திரம் ஒன்றை இறக்குங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு தாளில் பெயரை எழுதுங்கள்: அண்டாவா, தவலையா, குடமா? உயரம், வாயின் அகலம், எடை ஆகியவற்றை அளந்து குறியுங்கள். விளிம்பில் வெட்டியுள்ள பெயரையும் தேதியையும் எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடே படியெடுங்கள். உட்புறம் ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசியவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று பாட்டியிடம் கேளுங்கள். யார் வீட்டுச் சீரில் வந்தது, எந்த ஊர்க் கடையில் வாங்கியது, என்ன சமைத்தார்கள், எப்போது பரணுக்குப் போயிற்று என்பவற்றைப் பாட்டி சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஓர் எண் இடவேண்டும். முன்பக்கத்தில் எழுதக்கூடாது, உலோகத்தில் கீறவும் கூடாது, அடிப்புறத்தில், வேண்டும்போது துடைத்து நீக்கக்கூடிய மையால் சிறிதாக எழுதி, அதே எண்ணைத் தாளிலும் எழுதுங்கள். எண் 1 என்று தொடங்கலாம்.